தலையளவு

லங்காப் கடைத்தெருவில், பேருந்து நிற்கும் இடத்துக்குப் பின்னால்,
சைக்கிள் கடைக்கும் நாலு நம்பர் கடைக்கும் நடுவே
எட்டடி அகலம் என் கடை.
பெயர்ப் பலகை எழுதியவன் ஒரு ‘ப்’பை விழுங்கிவிட்டான்.
தொபி.
மாதத்துக்கு நாலு பேராவது
அழுக்குத் துணி மூட்டையோடு வந்து நிற்கிறார்கள்.

செம்பனைக் குலை வெட்டுகிறவனுக்கு
முன்விளிம்பு குட்டையாக இருக்கவேண்டும்.
அண்ணாந்தே பிழைக்கிறவன்;
இரண்டு விரல் நீண்டால் குலை வருவது தெரியாது.
மருந்தடிக்கிற பெண்ணுக்குப் பிடரித்துணி, தோள்வரைக்கும்.
உதிரிப்பழம் பொறுக்குகிறவளுக்குத் தாடையில் நாடா.
மாப்பிள்ளைத் தலைப்பாகை வாடகைக்கு,
முன்பணம் முப்பது வெள்ளி.
கல்யாணம் நின்றாலும் வாடகை வாடகைதான்.

சப்பாத்து அளவு எல்லாருக்கும் தெரியும்,
தலையளவு ஒருத்தருக்கும் தெரியாது.
நாடாவைச் சுற்றி எண்ணைச் சொன்னால்
பரீட்சை மார்க் கேட்டதுபோல் முழிக்கிறார்கள்:
“கூடவா, கொறச்சலா?”
பேரேட்டில் எழுதிவைப்பேன்.
அமீனா, இருபத்தொன்றேகால்.
ரஃபிக்குல், வங்காளதேசம், இருபத்திரண்டு,
இடப்பக்கம் தையல் தழும்பு, உள்பட்டை மெத்தென்று.

போன மாதம் சவரிராயன் வந்தார்,
பத்தாங்கட்டைத் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர்.
உச்சந்தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது.
ஈப்போ ஆஸ்பத்திரியில் எதையோ சுரண்டி எடுத்தார்களாம்,
வெயில் படக்கூடாதாம்.
என்னை அவருக்குத் தெரியவில்லை.

பெரட்டுக் களம், காலை ஐந்தரை.
பேர் கூப்பிட்டபோது அப்பா தொப்பியை எடுக்கவில்லை.
மறந்தாரா மறுத்தாரா என்று
எங்கள் வீட்டில் இன்னமும் இரண்டு கட்சி.
குடைக்கம்பால் ஒரு தட்டு.
பெரிய அடி ஒன்றுமில்லை, தொப்பிதான் விழுந்தது,
உரச்சாக்கில் அம்மா தைத்தது.
அப்பா குனிந்து எடுத்தார்.
அன்றைக்கு அவர் பேர் பதியப்படவில்லை.
ஏழு வெள்ளி இருபது காசு.

“குனியுங்க” என்றேன்.
நான் குட்டை, அவர் நெட்டை;
வேறு காரணம் இல்லை என்று சொல்லத்தான் ஆசை.
குனிந்தார்.
நெற்றிப்பொட்டில் துடிப்பு என் பெருவிரலை இடித்தது.
இருபத்தொன்றேமுக்கால்.
இவ்வளவுதானா?
சைக்கிள் கடை ஆ ஹோக்குக்கும் இதே அளவு.

ராத்திரி யோசித்தேன்.
அரை அங்குலம் குறைத்தால் நெற்றியில் சிவப்பு வளையம் விழும்,
கண்டுபிடித்துவிடுவார்.
கால் அங்குலம் என்றால் மத்தியானத்துக்கு மேல்தான் வலிக்கும்,
தையலை யாரும் சந்தேகிக்கமாட்டார்கள்.
கால் அங்குலம் குறைத்து வெட்டினேன்.
காப்பி குடித்தேன்.
அதைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு
வேறு துணி எடுத்து வெட்டினேன்,
பஞ்சு இருக்கும் இடத்தில் மடிப்பு உறுத்தாமல்
இரட்டை உள்துணி வைத்து.
இரக்கம் என்று யாரும் நினைக்கவேண்டாம்.
தப்பான அளவு ஒன்று
என் கைத்தையலோடு இந்த ஊரில் நடமாடக்கூடாது.

சனிக்கிழமை வந்து போட்டுப் பார்த்தார்.
கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பினார்.
“எவ்வளவும்மா?”
“முப்பத்தஞ்சு வெள்ளி இருபது காசு.”
“இருபத்தெட்டுன்னுதானே எழுதித் தொங்குது?”
“அது தொப்பிக்கு. மிச்சம் பழைய பாக்கி.”
“எனக்கு இங்க ஏது பாக்கி?”
நான் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தேன்.
கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார்,
பிறகு கடையை, பிறகு மறுபடியும் முகத்தை.
சட்டைப் பையைத் துழாவி
இரண்டு பத்துக்காசைத் தனியாக எடுத்து வைத்தார்.
புரிந்ததா, வயசான காலத்தில் வம்பு எதற்கு என்றா,
அதற்கும் எங்கள் வீட்டில் இனி இரண்டு கட்சி.

வாசலில் மழை பிடித்துக்கொண்டது.
அவர் தொப்பியைக் கழற்றினார்.
புதுசு நனையக்கூடாதாம்,
சட்டைக்குள் செருகிக்கொண்டு
பஞ்சு ஊற ஊற நடந்தார்.
“தலையில போடுங்க!” கத்தினேன்.
“யோவ், தலையில போடுய்யா!”
தெலுக் இந்தான் பேருந்து அந்நேரம் பார்த்து
ஹாரன் அடித்தது.